காயம் கட்டிய பின்னர்

இராதாபுரம் வட்டாரத்தில் பனைத்தொழில் அருகி வருகிறது. எனினும் பதநீர்க் காலம் பிறந்தால் தளைநாரும் அரிவாள்பெட்டியுமாய்ப் புறப்படும் முதியவர் சிலர் இன்னும் உள்ளனர். அவர்களுள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் அறுவை நடந்தது. முறிந்த எலும்பு நன்கு பொருத்தப்பட்டது. மூன்றாம் நாள் அவரைக் காண நாம் சென்றோம்.

“கெண்டைக்கால் கல்லு மாதிரி கனக்குது சாமி, வலி தாங்க முடியல” என்றார். முறிவு தொடையில், வலியோ கெண்டைக்காலில். அதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆண்டவரின் பாடுகளோடு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்ளும்படி கூறி, ஆசி வழங்கித் திரும்பினோம். அதன்பின் அவர் செவிலியரிடம்கூட வாய் திறக்கவில்லை.

அன்றிரவே அவருக்கு மூச்சுத் திணறியது. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றுவிட்டது என்றனர் மருத்துவர்கள். தீவிர சிகிச்சையால் பிழைத்துக்கொண்டார்.

அசையாது கிடப்பவரின் கால்நாளங்களில் இரத்த ஓட்டம் தளர்கிறது. அறுவைக்குப்பின் உறையும் தன்மையும் மிகுகிறது. இதனாலேயே மருத்துவர் தக்கவர்க்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து தருகின்றனர். கூடிய விரைவில் எழுந்து நடக்கவும் சொல்கின்றனர். நம் மக்களோ, ‘அசைந்தால் தையல் பிரியும்’ என்று அஞ்சி நோயாளியைக் கிடத்தியே வைக்கின்றனர். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், தையலில் சீழ் ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டிய துன்பங்கள் அல்ல. உடனே உரைக்க வேண்டிய செய்திகள்.

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் இறந்ததை நாடறியும். முழங்கால் அறுவைக்குப்பின் இறுகக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்தது. காலை அகற்றியும் உயிரைக் காக்க இயலவில்லை. கட்டுக்குள் எழும் வலியும் ஒரு மொழியே. அதைக் கேட்கும் செவி அருகில் இருக்கவேண்டும்.

நல்ல சமாரியர் உவமையைப் பன்முறை மறையுரையில் விளக்கியுள்ளோம். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயம் கட்டியதையே எடுத்துரைத்தோம். ஆனால் கட்டியதோடு அவர் போய்விடவில்லை. சாவடிக்குக் கொண்டுசென்று உடனிருந்தார். மறுநாள் இரு தெனாரியம் தந்து, கவனித்துக்கொள்ளும்படி ஒருவரிடம் ஒப்படைத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். காயம் கட்டிய பின்னரும் அவருடைய இரக்கம் முடியவில்லை. இப்பகுதியை நாம் விரைந்து கடந்துவிட்டிருந்தோம்.

அம்முதியவர் ஊன்றுகோலோடு கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறன்று, “அன்னைக்கே ஒங்ககிட்ட சொன்னேனே சாமி” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அச்சிரிப்பு நமக்குப் பாவசங்கீர்த்தனமாயிற்று.

இப்போதெல்லாம் நோயாளியைச் சந்திக்கையில் முதலில் செபிப்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்கிறோம். தேவையெனில் செவிலியரை அழைத்து வருகிறோம். அதன் பிறகே செபம்.