கிணற்றடி மாதுளை

வளவு என்று ஒன்றிருந்தால் அதன் கிணற்றடியில் ஒரு மாதுளையும் நிற்கும் என்பது யாழ்ப்பாணத்தாரிடையே பழகிப்போன எண்ணம். வளவே இல்லாதவரை அவ்வெண்ணம் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டில் தேசியா மாதுளையா என்று சில நாள் வாதம் நடந்தது. நாளும் கறிக்கு உதவும் என்று துணைவியார் தேசிக்காக வாதாடினார். நான் மாதுளையின் பக்கம் நின்றமைக்குக் காரணம் எங்கள் மண்தான். சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்த மெல்லிய மண். கோடையில் கிணற்று நீரும் உவர்க்கிறது. சுண்ணாம்பையும் வறட்சியையும் ஓரளவு உவரையும் மாதுளை தாங்கும். தேசி அவ்வளவு பொறுக்காது.

விதையில் முளைப்பது தாயைப் போலக் காய்க்குமென்று நம்ப முடியாது. நல்ல பழம் தரும் செடியிலிருந்து பென்சில் பருமனான முற்றிய தடியை முக்கால் அடி நீளத்தில் வெட்டி, நிழலில் வேர்விடச் செய்தேன். ஐப்பசி மழைக்கு முன் கிடங்கு வெட்டி (பாறை தட்டியதும் நிறுத்த வேண்டியதாயிற்று), தேங்காய்ப் பொச்சும் மாட்டெருவும் இட்டு நட்டேன். அடியில் கிளம்பும் முளைகளில் மூன்று நான்கை மட்டும் விட்டு மற்றவற்றைக் களையாவிட்டால் செடி பற்றையாகிவிடும். வண்ணத்துப்பூச்சி ஒன்று பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும். அதன் புழு காயைத் துளைத்து உள்ளே புகும். பிஞ்சைப் பழஞ்சீலைத் துண்டால் கட்டிவிடுவதே ஏழைக்கு ஏற்ற காப்பு. காயவிட்டுத் திடீரென நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.

இவையெல்லாம் எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால் நட்ட செடி பயன்தர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அத்தனை காலம் அதே மண்ணில் இருப்போம் என்ற உறுதி யாருக்கு உண்டு? 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோருள் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் முகாம்களில் கழித்தனர். போரின் கொடுமை அது. போருக்கு முன்பும், தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியில் குடியிருந்தோர் இங்கு இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

எங்கள் ஒழுங்கையின் கோடியில் அவ்வாறு வாழும் கூலித் தொழிலாளியான பெண்ணொருவர் என்னிடம் ஒரு தடி கேட்டு வாங்கினார். பின்னர் பார்த்தபோது அது பழைய பெயின்ற் வாளியொன்றில் துளிர்த்திருந்தது. நிலத்தில் நடாதது ஏனென்று கேட்டேன்.

“மிளகாய் வைக்கலாம், கத்தரி வைக்கலாம் வாத்தியார். வேரோடுற சாமான் ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு காணிக்காரர் சொல்லிப்போட்டார்.”

வேரோடினால் உரிமையும் ஓடிவிடும் என்று காணிக்காரர் அஞ்சுகிறார். அவருடைய அச்சம் எனக்கு விளங்காமலில்லை. வேலிக் கதியால் ஒன்று ஓரடி நகர்ந்ததற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் ஊர் இது.

சொந்தக் காணி கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. வாளிச் செடியோ இவ்வாண்டு பூத்துவிட்டது. பூக்களிற் பல உதிர்ந்தன. இரண்டு பிஞ்சுகள் நிற்கின்றன. வேர் வாளிக்குள் சுருண்டுகொண்டிருப்பதால், மாரிக்கு முன் பெரிய பீப்பாய் ஒன்றுக்காவது அதனை மாற்ற வேண்டும். பீப்பாய்க்கு இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.