துப்பாக்கிக்கு ஒரு டார்ச் லைட்... அமெரிக்க அண்ணன் கேட்ட கேள்வி!

பவர் பேங்க், எமர்ஜென்சி லைட், ஏர் கூலர் என்று 'எதை வாங்கலாம்?' வகைக் கட்டுரைகள் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதைப் படித்துவிட்டு சொந்தக்காரர்கள் போன் போட்டு சந்தேகம் கேட்பதும் பழகிவிட்டது. ஆனால், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் இருக்கும் பெரியம்மா மகன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

"பாப்பா, பிஸ்டலுக்கு அடியில மாட்டுற லைட் ஒண்ணு வாங்கணும். எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லேன்."

அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. இரண்டு வீடு தள்ளி ராத்திரியில் திருடன் புகுந்த பிறகு, க்ளாக் 17 ஒன்று வாங்கிவிட்டார். நம் ஊரில் துப்பாக்கி என்றால் 1959-ம் வருட ஆயுதச் சட்டம், லைசென்ஸ், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று ஆயிரம் சடங்கு உண்டு. அண்ணன் வைத்திருக்கும் 9 எம்.எம். ரகம் இங்கே சாதாரண ஆட்களுக்குக் கிடையவே கிடையாது. டெக்சாஸிலோ, 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதான, சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்று அண்ணனும் அண்ணியும் ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருந்தார்கள். அதற்குள் நான் போகவில்லை. லைட்டை மட்டும் பார்த்தேன்.

முழு அளவு பிஸ்டலில் குழலுக்குக் கீழே ரயில் தண்டவாளம் மாதிரி காடி வெட்டியிருப்பார்கள். லைட் அதில் ஏறி உட்காரும். சின்ன பிஸ்டல் என்றால் குட்டி லைட்டோடு திருப்திப்பட வேண்டும். க்ளாக் 17 மாதிரி நீளமானதில் இரண்டு பேட்டரி போடும் பெரிய லைட்டே பொருந்தும். இந்த ரகத்தில் அதிகம் பேசப்படுபவை ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ரா, ஸ்ட்ரீம்லைட் டி.எல்.ஆர்-1 ஹெச்.எல். இரண்டுமே 1,000 லூமென்ஸ். இரண்டிலும் சிஆர்123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரிகள். விலையில்தான் ஷ்யூர்ஃபயர் நன்றாகவே கூடுதல்.

லூமென்ஸை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று டார்ச் கட்டுரைகளில் நான் கத்திக்கொண்டே இருப்பேன். இங்கேயும் அதேதான். லூமென்ஸ் என்பது லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது ஒரே திசையில் எவ்வளவு குவிந்து பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. அதே தண்ணீரை வாசலில் தெளிப்பதற்கும், ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். எக்ஸ்300 அல்ட்ராவில் 1,000 லூமென்ஸுக்கு 11,300 கேண்டெலா. அதன் தம்பியான எக்ஸ்300 டர்போவில் 650 லூமென்ஸ்தான், கேண்டெலாவோ 66,000! தோட்டத்தின் கடைசியில் நிற்பவரைப் பார்க்க டர்போ நல்லது. ஆனால், வெள்ளைச் சுவர் வைத்த பத்தடி வராண்டாவில் அவ்வளவு குவிந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, பிடித்திருப்பவர் கண்ணையே கூச வைக்கும். வீட்டுக்குள் பரவலாக விழும் வெளிச்சம்தான் வேண்டும்.

கையடக்க லைட்டில் '10,000 லூமென்ஸ்' என்று அட்டையில் அச்சடித்து மலிவாக விற்பவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துப்பாக்கியில் மாட்டும்போது இன்னொரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் வரும் உதையில் பேட்டரி குலுங்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுமாரானது என்றால் லைட் அந்த நொடியில் அணைந்துவிடும். நல்ல கம்பெனிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் இதற்குத்தான். குழல் வாயிலிருந்து வரும் புகைக்கரி கண்ணாடியில் படியும். அதற்கு லிப் பாம் தடவிவைத்துப் பிறகு துடைத்தெடுப்பார்களாம். நம் ஆட்கள் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் நறுக்குவதுபோல!

உறை விஷயத்தை அண்ணன் யோசிக்கவே இல்லை. லைட் மாட்டிய பிஸ்டல் பழைய உறைக்குள் போகாது. அந்த பிஸ்டல், அந்த லைட் இரண்டுக்கும் சேர்த்துச் செய்த உறைதான் வாங்க வேண்டும். லைட் பெரிதாக இருப்பதால் உறையின் வாய் அகலமாகி, டிரிகர் பக்கம் இடைவெளி விழும் மாடல்களும் இருக்கின்றன. சட்டை நுனி உள்ளே சிக்கினால் என்னாகும் என்று யோசியுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்தியது சுவிட்ச்தான். பெரும்பாலான லைட்களில் டிரிகர் வளையத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் சின்ன நெம்பு மாதிரி இருக்கும். தாங்கிப் பிடிக்கும் கையின் கட்டை விரலால் தட்டலாம். கைப்பிடியில் டிரிகருக்குச் சற்றுக் கீழே வைத்து, இறுக்கிப் பிடித்தால் எரியும் ரக சுவிட்சும் உண்டு. 2010-ல் டெக்சாஸின் பிளேனோவில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டதில் ஒருவர் இறந்துபோனார். லைட்டைப் போடத்தான் அழுத்தினேன் என்றார் அந்த போலீஸ்காரர். பிளேனோ, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து ஊர். தினமும் பயிற்சி எடுக்கும் ஆளின் விரலே பதற்றத்தில் இடம் மாறுகிறது என்றால், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்த சாஃப்ட்வேர் இன்ஜினீயரின் விரல்?

அமெரிக்காவில் துப்பாக்கி பழகுபவர்கள் எல்லோருக்கும் ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகள் மனப்பாடம். அவற்றில் ஒன்று, எதிரில் இருப்பது யார் என்று உறுதியாகத் தெரியாமல் சுடக் கூடாது. அதற்காகத்தான் லைட்டே. இன்னொன்று, அழிக்க மனமில்லாத எதன் மீதும் குழலைத் திருப்பக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. லைட் துப்பாக்கியில் இருக்கிறது. வெளிச்சம் எங்கே போகிறதோ, குழலும் அங்கேதான் போகும். யாரென்று பார்ப்பதற்கே அவர் மீது துப்பாக்கியை நீட்ட வேண்டும்.

அண்ணனுக்கு 14 வயதில் மகன். ராத்திரி பசித்தால் லைட் போடாமல் கிச்சனுக்கு இறங்கி சீரியல் சாப்பிடுகிற பழக்கம் அவனுக்கு.

இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அண்ணியின் குரல்தான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்.

"நான் இதைத்தானே ஆறு மாசமா சொல்றேன்? என் பேச்சை எங்க கேட்டார் உங்க அண்ணன்!"

"லைட்டே வேணாங்கிறியா பாப்பா?" என்றார் அண்ணன்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் லைட் இல்லாத துப்பாக்கி அதைவிட மோசம். சத்தம் வந்த திசையில் கண்ணை மூடிக்கொண்டு சுடுவது மாதிரி. 1,000 லூமென்ஸை நேரே நீட்டாமல் தரையில் அடித்தாலே, அறை முழுக்க முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் பரவும் என்று பயிற்சியாளர்கள் கற்றுத்தருகிறார்கள். ஆனால், அது கையில் ஊற வேண்டிய பழக்கம். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெட்டிக்குள் வராது. அதனால் முதலில் ஒரு நல்ல கை டார்ச், அதுவும் தலைமாட்டில். சத்தம் கேட்டால் முதலில் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. படிக்கட்டில் ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு. இவையெல்லாம் முடிந்த பிறகு பிஸ்டல் லைட். கைப்பிடி சுவிட்ச் மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டும்போதும் கழற்றும்போதும் கை குழல் வாய்க்குப் பக்கத்தில் போகும் என்பதால், தோட்டா முழுவதையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

பூட்டுப் பெட்டியைப் பற்றியும் கேட்டேன். அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறாராம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி, தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸிலும் குற்றம். அண்ணிக்கு இது புதுத் தகவல். அதன் பிறகு நடந்த பேச்சு எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. படிக்கட்டில் மூன்று சென்சார் விளக்குகள், விரல் ரேகை வைத்துத் திறக்கும் பெட்டி ஒன்று, இரண்டு கை டார்ச். டி.எல்.ஆர்-1 ஹெச்.எல். இன்னும் அண்ணனின் ஆன்லைன் கார்ட்டில்தான் இருக்கிறது. இருட்டில் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி வகுப்பை முடித்த பிறகுதான் ஆர்டர் போட வேண்டும் என்பது அண்ணியின் கண்டிஷன். வகுப்புக்கு அவரும் பெயர் கொடுத்திருக்கிறார்.