அப்பாவின் இடது தோளும் ஒரு சுவிட்ச்சும்

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் மழை பிடித்துவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. கேரட்டும் மலைப்பூண்டும் மூட்டை கட்டித் தயாராக இருக்கும். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் மண் பாதைதான் பிரச்னை. பாதி ஏற்றத்தில் ஒரு பள்ளம். அதில் முன்சக்கரம் ஒன்றும், அதற்குக் குறுக்கே பின்சக்கரம் ஒன்றும் பிடி இழந்தால் போதும். ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப்பாக இருந்தும், அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் சும்மா சுற்றும். வண்டி ஒரு அங்குலம்கூட நகராது.

அப்பாவிடம் அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். சும்மா சுற்றும் பின்சக்கரத்துக்குத் தடை கிடைத்ததும், தரையில் இருக்கும் மறுசக்கரத்துக்கும் விசை போகும். வண்டி முக்கி முனகி மேலே ஏறிவிடும். இருபது வருடங்களாக அப்படித்தான் ஓட்டினார்.

போன ஐப்பசியில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. சர்க்கரை நோயோடு வந்த தோள்பட்டை இறுக்கத்தால் இடது கையை மடக்கி இழுக்க முடியவில்லை. வண்டி பின்னால் சறுக்கி, ஓரத்து சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

கோவையில் வேலை பார்க்கும் மகன் அந்த வாரமே ஊருக்கு வந்தான். “டிஃபரன்ஷியலை மாத்திடலாம்ப்பா” என்றான். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அடகில் இருக்கும் வளையலை மீட்க வைத்திருந்த பணம் அது.

வத்தலக்குண்டு மெக்கானிக் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்துக் காட்டினார். ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றொன்று எதிர்ப்பக்கம் சுற்றியது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. பிரான்ஸின் ஒனசிஃபோர் பெக்கூர் 1827-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ரோட்டில் இது வரம். சேற்றில் இதுவே சாபம். பிடி இல்லாத சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, அவ்வளவுதான் மறுசக்கரத்துக்கும் கிடைக்கும்.

“மூணு வழி இருக்கு தம்பி” என்றார் மெக்கானிக்.

முதலாவது, லிமிடெட் ஸ்லிப். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் இரண்டு சக்கரங்களையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்கும். டிரைவர் எதையும் அமுக்க வேண்டாம். ஆனால் பிளேட் தேயும், அதற்கென்று தனி ஆயில் ஊற்ற வேண்டும். சக்கரம் முழுசாக அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடி போதாமல் போகலாம். அப்போது மறுபடியும் ஹேண்ட் பிரேக்கைத்தான் இழுக்க வேண்டும்.

மகன் அப்பாவின் தோளைப் பார்த்தான். அந்த வழி அங்கேயே அடைபட்டது.

இரண்டாவது, ஆட்டோமேட்டிக் லாக்கர். தானே பூட்டிக்கொள்ளும், சுவிட்ச் இல்லை. மகனுக்குப் பிடித்துப்போனது. அதுவரை பேசாமல் இருந்த அப்பா கேட்டார்: “சரிவுல பக்கவாட்டா போறப்பவும் பூட்டிக்குமா?”

மெக்கானிக் சிரித்தார். “அண்ணன் கேட்டதுதான் கேள்வி.” சாய்ந்த பாதையில் பூட்டாத டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரம் வழுக்கினாலும், மற்றது சுழலாமல் மண்ணைப் பிடித்திருக்கும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாக வழுக்கும். வண்டியின் வால் பகுதி பள்ளத்துப் பக்கம் இறங்கும். அவர்கள் பாதையில், ஏற்றம் முடிந்ததும் வருவது அப்படி ஒரு சாய்வுதான்.

மிச்சம் இருந்தது மூன்றாவது. சிறிய கம்ப்ரஸரின் காற்றழுத்தத்தால் பூட்டும் லாக்கர். சுவிட்ச் போட்டால் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே அச்சாகும், எடுத்தால் பழையபடி தனித்தனி. விலை கூடுதல். ஆக்ஸில் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, கிரவுன்-பினியன் விகிதம் எல்லாம் ஒத்துப்போனால்தான் பொருந்தும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது பூட்டக் கூடாது. பூட்டிய நிலையில் கெட்டித் தரையில் வளைத்தால் டயர் தேயும், ஆக்ஸிலும் முறியலாம்.

“இவ்வளவையும் நீங்க ஞாபகம் வெச்சுக்கணுமேப்பா” என்றான் மகன்.

“கைக்குத்தான்டா வலி. புத்திக்கு இல்ல.”

அம்மா போனில் கேட்டது ஒன்றே ஒன்று. “எதைப் போட்டா அந்த மரத்துக்கிட்ட மறுபடி போகாம இருப்பாரு?” மகன் விளக்கினான். “அப்ப அதையே போடு. வளையல் எங்க போயிடப்போகுது?”

கார்த்திகை மழையில் முதல் லோடு. மகன் பக்கத்தில் அமர்ந்திருந்தான். பள்ளத்துக்கு முன்பே அப்பா வண்டியை நிறுத்தி, வலது கை விரலால் சுவிட்ச்சைத் தட்டினார். சக்கரம் தூக்கியது. ஆனாலும் வண்டி நிற்காமல், நேராக மேலேறியது. சாய்வு தொடங்கும் இடம் வந்ததும் மகன் வாயைத் திறந்தான். அதற்குள் விளக்கு அணைந்திருந்தது. அப்பா ஏற்கெனவே சுவிட்ச்சை எடுத்திருந்தார்.

தார் ரோட்டில் ஏறியதும் அப்பா சொன்னார்: “ஞாயித்துக்கிழமை நீ கெளம்புடா. நான் பாத்துக்குறேன்.”