பெரும்பாறையில் பாடிய பெட்டி

திண்டுக்கல்லிலிருந்து பழனி மலைக்குப் போகிறோம் என்று யாரிடமாவது சொன்னால், "கோடைக்கானலுக்கா?" என்று கேட்காதவர் கிடையாது. கோடைக்கானலுக்குக் கீழேயும் மலை உண்டு, அங்கேயும் மனிதர்கள் உண்டு, அவர்கள் பயிரிடும் காப்பியைத்தான் நாம் விடியற்காலையில் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறோம் என்பதெல்லாம் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. சென்ற மே மாத விடுமுறையில் நாம் ஏறியது இந்தக் கீழ்ப் பழனி மலைமேல்தான். போன காரியமோ சற்று விசித்திரமானது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு ஸ்டீரியோப் பெட்டிக்கு உயிர் கொடுப்பதாக நண்பர் ஒருவருக்கு வாக்களித்திருந்தோம்.

செம்பட்டியைக் கடந்து அய்யம்பாளையம் போகும் வரையில் தென்னந்தோப்பு, அதன் பிறகு சித்தரேவு, அப்புறம் மலைதான். மருதாநதி அணையின் நீர்ப்பரப்பு முதல் வளைவுகளில் ஒரு தாம்பாளம் போலவும், மேலே போகப் போக ஒரு கைக்கண்ணாடி போலவும் சிறுத்துக் கொண்டே வருகிறது. வெயிலுக்கு விடை கொடுத்துவிட்டு நிழலுக்குள் நுழைகிறது பஸ். சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், கீழே காப்பிச் செடிகள். இடையிடையே மலைவாழை. விருப்பாட்சி வாழை என்று புவிசார் குறியீடு பெற்ற ஜாதி இது. ஒரு காலத்தில் இந்தச் சரிவெல்லாம் வாழையாகவே இருந்ததாம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டந் தோட்டமாக அழித்துவிட்டது. பக்கத்துத் தடியன்குடிசையில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி அதை மீட்கப் பாடுபட்டு வருகிறார்கள். பெரும்பாறையில் இறங்கியதும் புல்லாவெளி அருவிக்குப் போகும் வழியை நாலு பேர் நாமே கேட்காமல் காட்டினார்கள். தொங்கு பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது உத்தமம். பாறையில் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்களில் சிலர் திரும்பவில்லை.

நண்பருடைய வீடு காப்பிக் களத்தை ஒட்டிய ஓட்டு வீடு. கூடத்தில், தேக்கு மேஜையின் மேல், பூப்போட்ட துணி போர்த்தி வீற்றிருந்தது பெட்டி. இரு பக்கமும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். நடுவில் இசைத்தட்டுச் சுழலும் மேடை. முகப்பில் வெள்ளி நிற அலுமினியத் தகடும் பெரிய திருகாணிகளும். ஓரத்தில் 'ஸாலிட் ஸ்டேட்' என்ற பொன்னெழுத்து வேறு! பம்பாயில் செய்யப்பட்டது.

இந்தப் பெட்டி பெரும்பாறைக்கு வந்த கதையை நண்பரின் தகப்பனார் சொல்லக் கேட்கவேண்டும். எண்பத்திரண்டு வயதுப் பெரியவர். "தம்பி, பிரேஸில் தேசத்தில் பனி பெய்தது. எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி வந்தது" என்று ஆரம்பித்தார். வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மைதான். 1975 ஜூலையில் பிரேஸிலில் உறைபனி விழுந்து கோடிக்கணக்கான காப்பிச் செடிகள் கருகின. 1977-க்குள் உலகச் சந்தையில் காப்பி விலை எங்கேயோ போய்விட்டது. அந்நாளில் தோட்டக்காரர்கள் காப்பியைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுக்கவேண்டும்; பணம் தவணை தவணையாக வரும். அப்படி வந்த ஒரு நல்ல தவணையில், 1978-ல், மதுரைக்குப் போய் வாங்கி, ஜீப்பில் வைக்கோல் பரப்பி, குழந்தையைக் கொண்டு வருவது போல் கொண்டு வந்தாராம்.

ஸாலிட் ஸ்டேட் என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய ரேடியோக்களில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. அவை சூடேறிச் செந்தணலாக ஒளிர்ந்த பிறகே பாட்டு வரும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பார்டீனும் பிராட்டெயினும், அவர்களோடு ஷாக்லியும் கண்ட டிரான்ஸிஸ்டர் அந்தச் சூட்டுக்கும் கண்ணாடிக்கும் வேலையில்லாமற் செய்துவிட்டது. வெற்றிடத்தில் நடந்த காரியம் ஒரு கடுகளவு திடப்பொருளுக்குள் நடக்கலாயிற்று. நம் நாடும் கை கட்டி நிற்கவில்லை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962-லேயே ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர் வகைகளைச் செய்யத் தொடங்கிற்று. அயல் நாட்டுச் சாமான்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலமாகையால், கல்கத்தாவில் ஸோனோடைன், பம்பாயில் காஸ்மிக் என்று சுதேசிப் பெட்டிகள் எழுந்தன. ஜப்பான் பெட்டிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர்கள் சென்னை பர்மா பஜாரை வட்டமிட்டார்கள்.

இனி நம்முடைய பராக்கிரமத்தைச் சொல்லவேண்டும். பௌதிகத்தில் பட்டம் பெற்றவர், இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஓம் விதி கற்பிப்பவர் என்ற மமதை நமக்கு இருந்தது. துணியை விலக்கினோம், தூசி தட்டினோம், பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டோம். இரண்டு விநாடி 'ஹும்' என்ற உறுமல். பிறகு இடது பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். கூடம் முழுவதும் கருகிய நாற்றம். ஃப்யூஸ் போயிருக்க வேண்டுமே என்று பார்த்தால், அந்த இடத்தில் எந்தப் புண்ணியவானோ தடித்த செப்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தான்! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் காப்பிக் களத்தில் நின்றுகொண்டார். அவர் நம்மைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலையில் நண்பர் வத்தலக்குண்டுக்கு ஆள் அனுப்பினார். ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா மூவருக்கும் ஊரான வத்தலக்குண்டை இலக்கியத்துக்காகவே இதுவரை வணங்கி வந்தோம். அங்கே பழைய ரேடியோக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டி வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவும் தோல் பையுமாக மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார்.

"யார் ஸார் நேரே கரண்டு கொடுத்தது?"

நாம் கூரையைப் பார்த்தோம்.

"வருஷக் கணக்காகத் தூங்கின பெட்டியை அப்படித் தட்டி எழுப்பக்கூடாது ஸார். மனுஷனுக்கே மயக்கம் வரும்" என்றார்.

அவர் விளக்கியது பாடப் புத்தகத்துக்கு ஒவ்வாததல்ல. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்ஸர்களின் உள்ளே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நெடுநாள் மின்சாரம் படாவிட்டால் அது நைந்து போகும். அதிலிருக்கும் ஈரமும் வற்றிவிடும். மலைப் பிரதேசத்து ஈரக் காற்று சுவிட்சுகளையும் சத்தத்தைக் கூட்டும் திருகாணியையும் வேறு துருப்பிடிக்கச் செய்துவிடும். ஆகவே முதலில் ஒரு நூறு வாட் குண்டு பல்பைக் கம்பியின் நடுவே தொடராக இணைத்துக் கொண்டுதான் மின்சாரம் விடவேண்டும். இதற்கு அவர்கள் தொழிலில் 'சீரியஸ் பல்பு' என்று பெயர். எங்கேனும் குறுக்கே ஓட்டம் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, அபாயத்தைத் தானே தாங்கிக் கொள்ளும். ஒன்றுமில்லையானால் ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். ஓம் விதிதான், ஆனால் நமக்குத் தோன்றவில்லையே!

இடது பக்கத்தின் இறுதி டிரான்ஸிஸ்டர் எரிந்திருந்தது. 2என்3055 என்பது அதன் எண். ஓர் அரை நெல்லிக்காயளவு எஃகுத் தொப்பி போலிருக்கும். அந்நாளில் ஒலிபெருக்கித் தொழிலுக்கே அதுதான் குலதெய்வம். இன்று கடைகளில் அதே எண் அச்சிட்டு விற்பதில் போலிகள் ஏராளம் என்று சொல்லி, ஒரு போலியின் தொப்பியை அரத்தால் அறுத்துத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த சிலிகான் துண்டு எள்ளளவு. பிறகு பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து, பஞ்சில் பொதிந்து வைத்திருந்த பழைய காலத்து அசல் இரண்டை எடுத்தார். "இவ்வளவுதான் ஸார் இருப்பு. பெரியய்யாவுக்கு இல்லாமல் யாருக்கு?" மைக்கா தகடு வைத்து, வெள்ளைப் பசை தடவி, அதை அவர் பொருத்தியதைப் பார்த்தபோது மோதிரத்தில் கல் பதிக்கும் ஆசாரி நினைவுக்கு வந்தார். ஒரு நல்ல காலம், ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு பெரிய கண்டென்ஸர் காவல் நின்றபடியால் ஒலிபெருக்கி தப்பிப் பிழைத்தது. செப்புக் கம்பி போய் முறையான ஃப்யூஸும் வந்தது.

நமக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்தது. இசைத்தட்டு மேடையைச் சுழற்றும் ரப்பர் வார் தார் போல் உருகியிருந்தது. ரேடியோக்காரர் தம் கட்டிலிருந்து வேறொன்றைப் போட்டார். வேகம் சரிதானா என்று எப்படிக் காண்பது? நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே ஒன்றில் மூன்று சுற்று. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 அலை. பழைய சோக்கு வைத்த குழல் விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுக்குகிறது. கணக்குப் போட்டால் வட்டத்தில் 180 கோடுகள் வரைந்து சுழல விட்டால், வேகம் சரியாயிருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கவேண்டும். கோட்டுக்குக் கோடு இரண்டு பாகை. நண்பரின் பெண்ணுடைய பாகைமானியை வாங்கிக் கொண்டு உட்கார்ந்தோம். மாலைக்குள் அட்டை தயார். சுழல விட்டதும் கோடுகள் மெல்ல நத்தை போல் ஊர்ந்தன. ரேடியோக்காரர் மோட்டார்க் கப்பியில் ஒரு சுற்று நூலைச் சேர்த்தார். கோடுகள் நின்றன! "வாத்தியாரையா கணக்கு வேலை செய்கிறது" என்று அவர் சொன்னதில் நம் மானம் பாதி திரும்பிற்று.

இசைத்தட்டுகளில் வெண் பூஞ்சை பூத்திருந்தது. நண்பரின் மனைவியார் இளஞ்சோப்பு நீரில் மெல்லிய துணி நனைத்து, நடுக் காகிதம் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்துக் காயவைத்தார். பள்ளம் என்று சொன்னோமே, அதன் இரு சுவர்களில்தான் ஸ்டீரியோவின் ரகசியம். ஒரு சுவரில் இடது காதுக்குரிய ஓசை, மறு சுவரில் வலது காதுக்குரியது. ஒரே ஊசி இரண்டையும் வாசித்துவிடும். இங்கிலாந்தில் ஆலன் பிளம்லீன் என்பவர் 1931-ல் கண்ட உபாயம் இது. கடைக்கு வரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

மூன்றாம் நாள் இரவு. வெளியே தூறல், ஜன்னல் வரையில் மஞ்சு. சீரியஸ் பல்பு ஒரு தடவை மின்னி மங்கிற்று. 1967-ல் வெளிவந்த 'கால் ஆஃப் தி வாலி' தட்டை வைத்தோம். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கித்தார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள் பொழுதைச் சங்கீதமாகச் செய்தது. நின்ற இடத்திலேயே நாம் நின்றுவிட்டோம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கூடத்தில் ஓர் இடம். நடுவே வெறும் காற்று. கைப்பேசியின் கடுகுத் துளையில் இதைப் பல தடவை கேட்டிருக்கிறோமே, அது கேட்டதில் சேர்த்தியா?

பெரியவர் நடு நாற்காலியில் அமர்ந்து கேட்டார். ஐந்து நிமிஷம் கழித்து, "எல்லாம் சரிதான். இடது பெட்டி மட்டும் சரியாகப் பேசவில்லையேப்பா" என்றார்.

ரேடியோக்காரர் முகம் சுண்டிற்று. இடது பக்கமல்லவா நாம் எரித்தது! மீண்டும் கழற்றினார், அளந்தார், குறையில்லை. இரு பெட்டிகளின் கம்பிகளை மாற்றிப் போட்டார். "இப்போதும் இடதுதான் மந்தம்" என்றார் பெரியவர். நாம் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டோம். நமக்கு இரண்டும் சமமாகவே கேட்டன. ஒரு மணி நேரம் இப்படி ஓடிற்று. அப்போது பேத்தி சமையலறையிலிருந்து, "தாத்தா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட, பெரியவர் நாற்காலியோடு பின்பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்று, "அடே, இப்போது அது பேசுகிறது! இது நின்றுவிட்டது!" என்றார்.

ரேடியோக்காரர் மெல்லத் திருப்புளியைக் கீழே வைத்தார். எழுந்து பெரியவரின் இடது காதருகே கையைக் கொண்டுபோய் விரலைச் சொடுக்கினார். பெரியவர் அசையவில்லை.

வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. பெரியவருக்கே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. தோட்டத்தில் கூப்பிட்டால் சில சமயம் திரும்பாததை மகன், அப்பாவுக்கு வயதான வீம்பு என்று எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தை இப்போது நினைத்தாரோ என்னவோ, தகப்பனாரின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வரும் வாரமே திண்டுக்கல்லில் காது வைத்தியரிடம் அழைத்துப் போவதென்று முடிவாயிற்று.

"அது கிடக்கட்டும்ப்பா. பாட்டுக்கு வழி சொல்" என்றார் பெரியவர்.

ரேடியோக்காரர் முகப்பில் 'மோனோ' என்றிருந்த சிறு பொத்தானை அழுத்தினார். இரண்டு சுவரின் ஓசையும் ஒன்றாகக் கலந்து இரு பெட்டியிலும் வந்தது. பிறகு சமன் செய்யும் திருகாணியை வலப்பக்கம் முழுதும் திருப்பி, நாற்காலியை வலது பெட்டிக்கு நேரே நகர்த்திப் போட்டார். பெரியவர் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டைக் கேட்டார். 1964-ல் மறைந்த மகாவித்வானின் பழைய ஒலிப்பதிவு, ஸ்டீரியோவே அல்ல. இத்தனை பாடும் எதற்காகப் பட்டோம் என்று நமக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தார்.

காது நரம்பு தளர்ந்திருப்பதாகவும், கருவி வைத்துக் கொண்டால் பயன் உண்டென்றும் வைத்தியர் சொன்னதாக நண்பர் பின்னர் தெரிவித்தார். கருவி வாங்கியாயிற்றாம், பாட்டுக் கேட்கும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுகிறாராம். ரேடியோக்காரர் மலையிறங்கும்போது, மீதியிருந்த ஒரு டிரான்ஸிஸ்டரைப் பஞ்சோடு நம் கையில் கொடுத்தார். நம் மேஜை இழுப்பறையில் அது இருக்கிறது. நூற்றெண்பது கோடு போட்ட அட்டையை நண்பரின் பெண் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.