நாலு போல்ட்டும் ஒரு கீலும்

சூலக்கரைத் தொழிற்பேட்டையில் என் பட்டறைக்கு வந்த யாரையும் காப்புரிமைச் சான்றிதழைக் காட்டாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமையில் நான் காது கொடுக்காமல் விட்ட ஒரு பேச்சினால் ஒரு அம்மாவுக்கு விரல் நுனி போயிற்று. இதை இத்தனை காலம் வெளியே சொல்லவில்லை.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்குக் கட்டை அடுக்கும் இயந்திரம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மருந்து முக்குவதற்கு முன்னால், ஒன்றோடொன்று ஒட்டாதபடி குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு காலத்தில் இது முழுக்கக் கைவேலை. எங்கள் இயந்திரத்தில் அதிர்கிற தட்டு ஒன்று குச்சிகளைப் பள்ளங்களுக்குள் இறக்கும். உடைந்ததோ கோணலானதோ ஒன்று நடுவில் வந்தால் சிக்கிக்கொள்ளும். உடனே நிறுத்தி, மூடியைக் கழற்றி, அதை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். மூடிக்கு நாலு போல்ட்.

குச்சி சிக்கவே சிக்காத இயந்திரம் ஒன்றை உலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உடைந்த குச்சியை முன்னாலேயே இனம் கண்டு தள்ளிவிடுகிற அமைப்பு ஒன்றைச் செய்தேன். அது ஓடியது, அதில் பொய் இல்லை. காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் விலை பழைய இயந்திரத்தைப் போல மூன்று மடங்கு. 2007 முதல் 2021 டிசம்பர் வரை ஒரு பெட்டி 1 ரூபாய்க்கே விற்ற தொழில் இது. குளோரேட்டும் மெழுகும் அட்டையும் விலை ஏறிக்கொண்டே போக, பைசாக் கணக்கில் மூச்சுவிட்டவர்களிடம் நான் அதை விற்கப் போனேன். ஒருவரும் வாங்கவில்லை. அவர்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எங்களிடம் ஒரு ஃபிட்டர் தம்பி இருந்தார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பழுது பார்க்கப் போய்வருகிறவர். ஒருநாள் வந்து நின்றார். "அண்ணாச்சி, அந்த நாலு போல்ட்டையும் எடுத்துருவோம். ஒரு பக்கம் கீலு, இந்தப் பக்கம் கையால திருகுற விங் நட்டு. மூடியத் தூக்குனா மோட்டார் நின்னு போற மாதிரி ஒரு சுவிட்சு. அந்தப் பொம்பளையாளுக ஸ்பேனரத் தேடி அலையுறாக" என்றார். நான் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கதவுக்குக் கீல் மாட்டுறதுக்கா நான் பட்டறை போட்டேன்?" என்று கேட்டேன். இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தார். அதற்கும் அதே பதில். அப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டும் போய்விட்டார்.

அவர் சொன்னதன் கனம் எனக்குத் தெரியாமல் போனது எப்படி? இயந்திரத்தை ஓட்டுகிற அந்தப் பெண்களுக்குக் கூலி, அடுக்கிய சட்டங்களின் கணக்கில். போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கைக்காசு. அதனால் மூடியை ஒரேயடியாகக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வாங்குகிற முதலாளியின் அறையோடு திரும்பிவிடுவேன். அப்படி மூடியில்லாமல் ஓடிய இயந்திரத்தில்தான் அந்த அம்மாவின் விரல் மாட்டியது.

ஆஸ்பத்திரிச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். "மகராசன் நல்லா இருக்கணும்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்தேன். விபத்தைவிட அதுதான் என்னை அதிகம் அறுக்கிறது.

கண்டுபிடிப்பு மட்டுமே தொழிலை வளர்ப்பதில்லை என்பது இந்த மண்ணில் பிறந்தவனுக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாது. தீக்குச்சியில் ஒரு மருந்தையும் பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸையும் பிரித்து வைக்கும் யோசனைக்கு 1844இல் உரிமை பெற்றவர் ஸ்வீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ். அதைச் செம்மைப்படுத்தி உலகமெங்கும் விற்றவர்கள் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். சிவகாசியிலிருந்து 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீக்குச்சியில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மன் இயந்திரத்தை வரவழைத்துத் தொடங்கினார்கள். கட்டுப்படியாகவில்லை என்றதும் கௌரவம் பார்க்காமல் கைவேலைக்கு மாறினார்கள். மழை பொய்க்கிற கரிசலில் மனிதக் கைகள் சும்மா இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். ஸ்வீடன்காரர்களின் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கு எதிரே இந்தச் சிறு ஆபீஸ்கள் நின்றது அந்தப் பார்வையால். (அதே ஏற்பாடு எத்தனையோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் தின்றது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.) புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமலேயே தொழிலைப் புதிதாக்க முடியும் என்று பொருளியல் அறிஞர் ஷும்பீட்டர் 1939இலேயே எழுதிவைத்தார். எனக்கு அதைச் சொல்ல அவர் தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஸ்பேனர் பையோடு என் முன்னால் நின்றவர் சொன்னதும் அதைத்தான்.

காப்புரிமை வைத்திருப்பவர்கள் படிவம் 27 என்று ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பு நாட்டில் வணிக ரீதியாகப் பயன்பாட்டில் இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் எழுதும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சந்தையைக் குற்றம் சொன்னேன். பட்டறைத் தலைவன் வேலை செய்யவில்லை என்று எழுத எனக்குத் துணிவில்லை. எந்த யோசனைக்குப் பணம், எதற்கு ஆள், எதற்கு நேரம் என்று முடிவு செய்கிறவன் நான். என் பெயர் ஒட்டாத யோசனை எதற்கும் நான் அவற்றில் ஒன்றையும் கொடுத்ததில்லை.

இந்த வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கட்டவில்லை. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இதுவரை விற்ற இயந்திரங்களுக்கெல்லாம் கீலும் சுவிட்சும் இலவசமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஃபிட்டர் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். சுவிட்சை எந்த இடத்தில் வைத்தால் தூசி அடையாது என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தார்.

இதுவரை எழுதியதும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க ஆபீஸ்ல இருக்க மத்த மெசினுக்கும் மாட்டியாச்சா?" என்று கேட்டார். மாட்டியாயிற்று, கோவில்பட்டிப் பக்கம்தான் இன்னும் சில பாக்கி என்றேன். "அதையும் சீக்கிரம் முடிங்க" என்றார்.