நிறம் இறங்கும் மலைச்சாலை

வட கரோலினா மலைகளில் இலைகளின் நிறமாற்றம் உச்சியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கீழே இறங்குகிறது. 5,000 அடிக்கு மேல் அக்டோபர் தொடக்கத்திலேயே மரங்கள் நிறம் மாறிவிடும். 2,000 அடி உயரத்தை ஒட்டியுள்ள ஆஷ்வில் நகரத்துக்கு அந்த நிறம் வந்துசேர மாதக் கடைசியாகிவிடும். இந்த இறக்கத்தை ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று, அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் நண்பர்கள் நால்வர் சார்லட்டிலிருந்து காரில் கிளம்பினோம்.

ப்ளோயிங் ராக் ஊருக்கு அருகில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் ஏறினோம். ஷெனண்டோவா, கிரேட் ஸ்மோக்கி என்ற இரு தேசியப் பூங்காக்களை இணைக்கும் 469 மைல் சாலை இது. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகைகள் இல்லை, வேகமும் மணிக்கு 45 மைலைத் தாண்டக் கூடாது. நின்று நின்று பார்ப்பதற்கென்றே போட்ட சாலை.

கிராண்ட்ஃபாதர் மலைச்சரிவில் லின் கோவ் பாலம் வருகிறது. பாறைகளை வெடிவைத்துத் தகர்க்க மனமில்லாமல், 153 கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்து, கட்டி முடித்த பகுதியின் மேல் நின்றபடியே அடுத்தடுத்துக் கோத்து 1,243 அடிக்கு நீட்டியிருக்கிறார்கள். 1935-இல் தொடங்கிய சாலை, 1987-இல் இந்தப் பகுதி திறந்தபோதுதான் முழுமை பெற்றது. கட்டுமானத் துறை நண்பர் பாலத்தின் அடியில் போய் நின்று, தூண்களை விட்டு வர மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த உயரத்தில் நிறம் உச்சத்தில் இருந்தது. ஹிக்கரியும் டியூலிப் பாப்லரும் மஞ்சள், சோர்வுட் கருஞ்சிவப்பு, மேப்பிளில் ஆரஞ்சும் சிவப்பும். மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருப்பதுதான். பகல் குறுகப் பச்சையம் சிதைவதால் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் சிவப்பு கூடும். உதிரப்போகும் இலைக்கும் மரம் இவ்வளவு செய்கிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான சிகரமான மவுண்ட் மிட்செலில் (6,684 அடி) மதியம் புளியோதரையைப் பிரித்தோம். அங்கே ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே மற்ற மரங்கள் இலை கொட்டி நின்றன. அங்கிருந்து ஆஷ்வில் நோக்கி இறங்கினால் முதலில் மொட்டைக் கிளைகள், பிறகு சிவப்பு, மஞ்சள், கடைசியில் பச்சை. ஒரு மணி நேர இறக்கத்தில் பருவம் பின்னோக்கிப் போனது.

எனவே, நிறம் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு நாளைத் தேடி அலைய வேண்டாம். அக்டோபரில் எப்போது போனாலும் ஏதோ ஓர் உயரத்தில் நிறம் காத்திருக்கும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இச்சாலையைக் கடுமையாகச் சிதைத்தது. ஆகவே எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் பெட்ரோல் கிடைக்காது, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.