ஓர் அடிக்கு ஓர் அங்குலம்

குச்சிக்கிழங்கு அரைக்கிற காலத்தில் எங்கள் பக்கம் வந்திருக்கிறீர்களா? ராசிபுரத்திலிருந்து ஆண்டகளூர் கேட்டுக்கு வரும் வழியில் சேகோ மில்லின் புளித்த மாவுத் தண்ணீர் வாடை முதலில் வரும். அப்புறம் சிமென்ட் களத்தில் காயும் மாவின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். புதுச்சத்திரம் நெருங்க நெருங்கக் கோழிப்பண்ணை வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாமக்கல் சேலம் மாவட்டத்தோடு இருந்தது. ஏரோப்பிளேன் என்பது எங்களுக்கு மத்தியான வானத்தில் யாரோ இழுத்துவிட்டுப் போன வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். கோடு கலைந்து மறையும்வரை கடலைக்காட்டு வரப்பில் அண்ணாந்தபடி நிற்பேன். என் பக்கத்தில் மாமாவும் நிற்பார்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர். அங்கே மாதிரி விமானம் கட்டவும் பறக்கவிடவும் பழகியிருந்தார். படிப்பு முடிந்து காட்டையும் பண்ணையையும் பார்க்க ஊருக்குத் திரும்பிவிட்டாலும், அவருடைய தகரப் பெட்டியின் அடியில் பாச்சை உருண்டை மணக்கும் நீலச் சட்டைக்குக் கீழே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் எச்.டி.2 விமானத்தின் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், முன்தோற்றம் மூன்றும் கோட்டுப்படமாக இருந்தன. பெங்களூரு எச்.ஏ.எல். தொழிற்சாலையில் வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்து 1951ல் பறந்த பயிற்சி விமானம் அது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். சிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு சுமார் 35 அடி. "ஓர் அடிக்கு ஓர் அங்குலம்னு வச்சா 35 அங்குலம். நம்ம திண்ணையில வச்சே கட்டிரலாம் கண்ணு," என்றார் மாமா. அன்றைக்கே பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, என் ஜியாமெட்ரி பாக்ஸை வாங்கிக்கொண்டு கோடு போட உட்கார்ந்துவிட்டார்.

வரைவது சுலபம், சாமான்கள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வெளிநாடு போய்வந்தவர்கள் வீட்டுப் பையன்களிடம் ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் இருந்தன. அதெல்லாம் 72ல் ஒரு பங்கு, அதாவது ஆறு அடிக்கு ஓர் அங்குலம். பெட்டியைத் திறந்தால் சிறகு, வால், சக்கரம், விமானியின் தலை உட்பட எல்லாம் பிளாஸ்டிக்கில் வார்த்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒடித்து எடுத்து ஒட்டினால் அலமாரியில் நிற்கும், பறக்காது. மாமாவுக்குப் பறக்க வேண்டும். பறப்பதற்கான சாமான்கள் கல்கத்தாவில் ரசல் தெருவில் இருந்த இந்தியாஸ் ஹாபி சென்டரில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அரோரா என்ற பெயரில் சின்ன டீசல் இன்ஜின்களும் அங்கேதான்.

இன்லண்ட் லெட்டரில் மாமா எழுதிய ஆங்கிலத்தைப் பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தபால் பெட்டியில் போட்டேன். அதற்கப்புறம் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவது என் வேலையாயிற்று. வி.பி.பி. வந்த நாளில் காடாத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த பார்சலை அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "இத்தன காசுக்கு இவ்வளவு லேசா இருக்குதே," என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். லேசாக இருப்பதற்காகத்தானே அத்தனை காசு! உள்ளே மூன்றங்குல அகலம், மூன்றடி நீளத்தில் பால்சா மரத் தகடுகள். தென்னமெரிக்கக் காட்டு மரம். கன்னத்தில் வைத்தால் பஞ்சு வைத்த மாதிரிதான் இருந்தது. எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றரை சி.சி. இன்ஜின் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதன் மூக்கில் மாட்ட ஒரு மர விசிறி, ஒரு சுருள் மெல்லிய எஃகுக் கம்பி. அன்று ராத்திரி அந்த எண்ணெய்த் தாளை என் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

பணம் அதோடு தீர்ந்தது. மீதியை இங்கேதான் தேட வேண்டும். பால்சாவைச் சிறகின் விலாவுக்கும் முன்விளிம்புக்கும் மட்டும் என்று மாமா ஒதுக்கிவைத்தார். உடம்புச் சட்டத்துக்குப் பெருமரம், தீப்பெட்டி செய்கிற அதே மரம். சோளத்தட்டில் வண்டி செய்து விளையாடிய கை என்பதால் நெட்டு வாகு பார்த்துச் சீவ எனக்கு வந்தது. ஒட்ட குயிக்ஃபிக்ஸ் டியூப். சிறகுக்கு மேல் போர்த்தும் மெல்லிய காகிதம் சேலம் கடைவீதியில் பட்டத்தாளாகக் கிடைத்தது. அதை ஒட்டும் பசையை வாங்கவே வேண்டியதில்லை. மில்லிலிருந்து ஒரு கை குச்சிக்கிழங்கு மாவு வாங்கிவந்து அம்மாச்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஒட்டிய தாள்மேல் தண்ணீர் தெளித்து நிழலில் வைத்தால் காயக் காயத் தாள் இழுத்துக்கொண்டு மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். விரலால் சுண்டி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அந்தத் தாளின்மேல் 'டோப்' என்ற ஒன்றைப் பூச வேண்டும். இல்லாவிட்டால் மழை ஈரமும் எண்ணெயும் தாளைத் தின்றுவிடும். டோப் எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் அது என்ன என்று மாமாவுக்குத் தெரியும்: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருந்தன. அங்கே பெயின்டரிடம் கேட்டபோது, "என்.சி. லாக்கரா? அந்த டின்னுல இருக்குதுங்க, எவ்வளவு வேணும்?" என்றார். அதே இடத்தில் லாரி முகப்புக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடைத்தது. எங்களிடம் இருந்த படம் கறுப்பு வெள்ளை. மஞ்சள் என்று மாமா முடிவு செய்தார். தின்னர் வாசனையும் அறுத்த வேப்பமரத் தூளின் கசப்பும், ரிவிட் அடிக்கும் சத்தத்துக்கு மேலே டி.எம்.எஸ். பாட்டும் இன்றும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் வருகின்றன.

மாற்று விசிறியும் அங்கேதான் பிறந்தது. மர விசிறி முதல் இறக்கத்திலேயே உடையக்கூடியது, கையில் இன்னொன்று இல்லாமல் காட்டுக்குப் போகக்கூடாது என்பது மாமாவின் சட்டம். அளவு எட்டுக்கு நாலு. எட்டு அங்குல நீளம், ஒரு சுற்றுக்கு நாலு அங்குலம் முன்னே போகிற முறுக்கு. மாமா இதை விளக்கத் தொடங்கியதும் கூடு கட்டும் ஆசாரி கையமர்த்தினார். "ஸ்க்ரூ மரத்துல இறங்கற மாதிரிதானுங்களே? இது காத்துல இறங்குது." கொல்லிமலை அடிவாரத்து வெப்பாலை மரத்துண்டு ஒன்றை எடுத்து, கல்கத்தா விசிறியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சீவினார். நடுத்துளையில் ஊசி செருகிப் பிடித்து எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடித்துண்டால் சுரண்டினார். இரண்டு பக்கமும் சமமாக நின்றதும் காசு வேண்டாம் என்றார். "பறக்கும்போது சொல்லியனுப்புங்க, அது போதும்."

சேலத்துக்கு மாமாவோடு பஸ்ஸில் போகும் நாட்கள் எனக்குத் திருவிழா. மல்லூர் தாண்டியதும் ஜன்னலோரம் எழுந்து நின்றுகொள்வேன். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கொலுசுப் பட்டறைகள். ஊதுகுழல் சீறலும் வெங்காரம் உருகும் வாடையும். மயிரிழை போன்ற ரம்பப் பிளேடும் எலிவால் அரமும் அங்கே வாங்கினோம். விமானிகளின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூண்டுக்கு என்ன செய்வது என்று தவித்தபோது, அதற்கும் வழி அந்தப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி அதிலிருக்கும் வெள்ளியை எடுப்பார்கள். வெள்ளி போனபின் மிஞ்சுவது இளநீலமான தெளிந்த தகடு. யாருடைய விலா எலும்போ இருந்த இடத்தின் வழியாக என் விமானிகள் வானத்தைப் பார்த்தார்கள்.

எரிபொருள் டாங்கி வேண்டும். பால் பவுடர் டின்னை வெட்டிக் கொடுத்தால், ஸ்டவ் ரிப்பேர்க்காரர் பித்தளைக் குழாய் வைத்து ஈயம் பற்றவைத்து, வாயால் ஊதித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துத் தந்தார். மூக்குக் கூம்பை திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வேலை செய்யும் லேத்தில், அலுமினியத் துண்டில் கடைந்தார்கள். சக்கரங்கள் ஹவாய் செருப்பின் ரப்பரிலிருந்து வந்தன. வால்சக்கரத்துக்கு எங்கள் பண்ணையிலேயே சாமான் இருந்தது: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிப் புட்டிகளின் ரப்பர் மூடி. ஊசி போடும் நாளில் டாக்டர் கிளம்பும்வரை காத்திருந்து அதில் நல்லதாகப் பொறுக்கிவைப்பேன்.

கடைசியாக எரிபொருள். இந்தச் சின்ன இன்ஜினுக்குப் பேட்டரியும் இல்லை, பிளக்கும் இல்லை. அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். மூன்று திரவங்கள், ஏறக்குறைய சம பங்கு. பற்றிக்கொள்ள ஈதர், எரிய மண்ணெண்ணெய், தேயாமல் வழுக்க விளக்கெண்ணெய். மண்ணெண்ணெய் ரேஷனில் வாங்கியது. ஈதரைப் பள்ளி சயின்ஸ் சார் கடிதம் கொடுக்க, சேலத்தில் லேப் சாமான் விற்கும் கடையிலிருந்து பழுப்புப் பாட்டிலில் கொண்டுவந்தோம். விளக்கெண்ணெய்க்கு ஏது பஞ்சம்? எங்கள் பக்கம் வரப்பெல்லாம் கொட்டமுத்துதான். அம்மாச்சி வறுத்து இடித்துக் காய்ச்சிய எண்ணெயை மாமா வேண்டாம் என்றார், அதில் ஈரம் நிற்கும். செக்கில் ஆட்டியதுதான் சரி. அம்மாச்சிக்கு அது பெரிய மனக்குறை. "புள்ளைங்க வயித்துக்கு ஆவற எண்ணெ உன்ற மிசினுக்கு ஆவாதா?" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

கடலை பிடுங்கி முடித்த காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆசாரி வந்திருந்தார், ஸ்டவ்காரரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மாமா எக்ஸாஸ்டில் இரண்டு சொட்டு விட்டு, விசிறியை விரலால் சுண்டி, தலைமேல் இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பல சுண்டுக்குப் பின் கிர்ரென்று ஒரு கத்தல். ஆஸ்பத்திரியும் அடுப்படியும் கலந்த ஒரு வாசனை காட்டில் பரவியது. வாலைப் பிடித்திருந்தது நான். மாமா நடுவில் போய், விமானத்திலிருந்து வரும் இரண்டு எஃகுக் கம்பிகளையும் கட்டிய கைப்பிடியை எடுத்து, கம்பிகளை விறைப்பாக்கித் தலையசைத்தார். விட்டேன். செருப்பு ரப்பர் சக்கரம் செம்மண்ணில் துள்ளித் துள்ளி ஓடிற்று, பிறகு ஓடவில்லை. மஞ்சள் எச்.டி.2 மாமாவைச் சுற்றி இடுப்புயரத்திலும் பிறகு தலையுயரத்திலும் வட்டமடிக்க, அவர் கைப்பிடியோடு சுழன்றுகொண்டே சிரித்தார். டாங்கி தீர்ந்ததும் சத்தம் நின்றது. விமானம் அரைச் சுற்று மிதந்துவந்து இறங்கி, கட்டியில் தட்டி மூக்குக் குத்தியது. விசிறி இரண்டாக உடைந்திருந்தது. ஆசாரி தாம் செய்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

வெப்பாலை விசிறி பொருத்திய அடுத்த ஓட்டம் முதலாவதைவிட நிதானமாக இருந்தது என்று மாமா சொன்னார். வீட்டுக்கு நடக்கும்போதே அவருக்கு அடுத்தது ஓடிவிட்டது. புஷ்பக். எச்.ஏ.எல். செய்த, சிறகு மேலே இருக்கும் சின்ன விமானம். அதன் சிறகை இரண்டு பக்கமும் கீழிருந்து தாங்கும் கம்பிகள் உண்டு. அதற்கு எது சரிவரும் என்று நான் கேட்டேன். ஸ்டவ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யோசித்து, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருத்தர் இருக்கார், காலையிலேயே போனா இருப்பார் என்றார்.